அண்ணாச்சியின் ஆயிரம் மைல்

முப்பத்தாறு வயது வரைக்கும் நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. ஒரு பஸ் போய்விட்டால் நிழலைப் பார்த்து நின்று அடுத்த பஸ்ஸில் போகிற ரகம். கடைகளில் இருக்கும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலை எனக்கு. எழுபதுகளின் தொடக்கம் அது. கிலோவும் லிட்டரும் வந்து பல வருஷம் ஆகியும் மயிலாப்பூரில் வீசைக் கணக்கில்தான் கத்தரிக்காய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தி.நகர் என் வட்டாரம். நான் கடைக்குள் நுழைந்தால் முதலாளிகள் எழுந்து நிற்பார்கள். நான் வெளியே போனபிறகு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இருந்ததில்லை.

அந்த முதலாளிகளில் ஒருவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பனகல் பார்க் அருகில் நகைக்கடை வைத்து, நன்றாகவே வளர்ந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். தர்மம் செய்வதில் அவருக்கு ஆசை. அதைப் பத்துப் பேர் பார்க்கச் செய்வதில் பேராசை. அவர் தலைவராக இருந்த சேவைச் சங்கத்தில் நானும் உறுப்பினன். எடை பார்க்க வருகிற இன்ஸ்பெக்டரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்க அவர் என்ன முட்டாளா?

ஒரு சித்திரை மாதம் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. கேசரியும் வடையும் ஆனபிறகு அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். வெளிநாட்டில் நல்ல காரியத்துக்காக ஜனங்கள் மைல் கணக்கில் ஓடுகிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் அவருக்கு யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"அடையாத்துல போலியோ வந்த பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவர அதுகளுக்கு வண்டி இல்ல. நம்ம சங்கத்துக்காரங்க எல்லாரும் சேந்து ஒரு வருசத்துல ஆயிரம் மைல் ஓடட்டும். முடிச்ச அன்னைக்கு விடுதி வாசல்ல ஒரு வேனை நிறுத்துதேன். காலு உங்களோடது, வண்டி என்னோடது. யாரெல்லாம் ஓடுதீங்க?"

பதினோரு கை எழுந்தது. பதினோராவது என்னுடையது. பக்கத்து நாற்காலிக்காரர் கையைத் தூக்கிவிட்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் கை தூக்கினேன். போலியோ வந்த குழந்தைகளை நினைத்துத் தூக்கினேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்வதில் லாபம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அரிசி களைவதை நிறுத்தினாள்.

"ஏன்னா, நீங்க ஓடப்போறேளா? மொட்டை மாடிக்குப் போய் வடாத்தை எடுத்துண்டு வாங்கோன்னா பாதிப் படில உக்காந்துக்கறேள்."

"பதினோரு பேர் பங்கு போட்டுண்டா ஆளுக்குத் தொண்ணூறு மைல்தான். வருஷத்துக்குத் தொண்ணூறு ஒரு பெரிய விஷயமா?"

"மத்த பத்துப் பேர் ஓடுவான்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அரிசி களையத் தொடங்கினாள். அந்தக் கேள்வியை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பனியன் வந்தது. முன்பக்கம், மார்புக்கு இடதுபுறம், சங்கத்தின் பெயர் கடுகு எழுத்தில். முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை சிவப்பில் கடையின் பெயர். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் கீழே இருந்தது. அதோடு ஒரு நோட்டு, ஓடிய தூரத்தைக் குறிப்பதற்கு. லஸ் முனையில் புறப்பட்டு, மந்தைவெளி வழியாக அடையாறு பாலத்தின் இந்தக் கரை வரை போய்த் திரும்புவது என்று பாதை முடிவாயிற்று. போக இரண்டு மைல், வர இரண்டு மைல் என்று நான்தான் சொன்னேன். எனக்குச் சொன்னவர் அந்த வழியில் போகிற பஸ்ஸின் கண்டக்டர். ஊர் முழுக்க எடையையும் அளவையும் சோதிக்கிற எனக்கு இந்த ஒரு அளவைச் சோதிக்கத் தோன்றவில்லை.

முதல் நாள் விடிந்ததும் லஸ்ஸில் பதினோரு பேரும் நின்றோம். அண்ணாச்சி கொடி அசைத்துவிட்டு, போட்டோக்காரரைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தார். கார் பக்கத்தில் இருந்தவரை எல்லோரும் ஓடினோம். மந்தைவெளியில் கார் வேகம் பிடித்துப் போனதும் நாலு பேர் காபி சாப்பிட ஒதுங்கினார்கள். அந்த நாலு பேரை அதற்குப்பிறகு நான் பனியனில் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஒருவருக்குக் குதிகால் வலி. ஒருவர் வீட்டில் பெண் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். ஆழ்வார்பேட்டை வக்கீல் ஒருவர், ஓடும்போது கட்சிக்காரர்கள் பார்த்தால் மரியாதை போய்விடும் என்று எனக்குக் கடிதமே எழுதினார். ஆவணி பிறந்தபோது நான் ஒருவன்தான் பாக்கி. அதுவரை மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து ஓடியிருந்தது அறுபது மைல்.

நான் ஏன் நிற்கவில்லை? வைராக்கியம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நின்றால் வீட்டில் அரிசி களைகிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் பெரிய மனுஷன் ஒருவன் காரணம் இல்லாமல் ஓடுவது யாருக்கும் புரியாது. திருடனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் திருடனைத் துரத்துகிறவனாக இருக்கவேண்டும். பால் பூத் வரிசையில் நிற்பவர்கள் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு பூக்காரி தினமும் தவறாமல் கேட்பாள்: "இன்னா சார், இன்னிக்கும் பஸ்ஸ வுட்டுட்டியா?" நாய்கள் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. மனிதர்கள் பழகவில்லை.

கிரீன்வேஸ் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் லத்தியை நீட்டி நிறுத்தினார். மந்திரிகள் இருக்கிற தெரு அது.

"யாரு உன்னைத் துரத்துறாங்க?"

"யாரும் துரத்தலை சார்."

"பின்ன ஏன் ஓடுறே?"

"போலியோ வந்த குழந்தைகளுக்கு வேன் வாங்கறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேன் வாங்கக் கடைக்குப் போவணும். இங்க ஏன் ஓடுறே?" என்றார். திரும்பச் சொல்லி முதுகைப் படித்தார். நகைக்கடைப் பெயரைப் பார்த்ததும் சந்தேகம் கூடிவிட்டது. நகைக்கடையிலிருந்து ஒருவன் ஓடுகிறான் என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் விட்டார். நின்ற நேரத்துக்கு நோட்டில் எழுத இடம் இல்லை.

பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு சைக்கிள் கடை. அதை வைத்திருந்த பாய் மயிலாப்பூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். நான் திரும்புகிற இடம் அவர் கடை வாசல் என்பதால் சாட்சிக் கையெழுத்து அவருடையது. என் நோட்டில் கையெழுத்துப் போடுவார், கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு கோடும் போடுவார்.

"மூச்சு இன்னா சார் இப்டி வாங்கிக்கினு கீது? ட்யூப்ல எங்கியோ ஓட்டை கீது" என்பார். உட்கார ஸ்டூல் போடுவார். ஓடுவதைப் பற்றி ஒரு நாளும் புகழ்ந்து பேசியதில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லஸ்ஸில் காய்கறி வாங்க வந்த என் மேலதிகாரி என் முதுகைப் படித்துவிட்டார். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாம சோதிக்கிற கடையோட பேரை முதுகுல ஒட்டிண்டு ஊர்வலம் போறீராமே?"

"சேவை சார். ஆயிரம் மைல்."

"என்னது, மைலா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மைல் சட்டப்படி செல்லாத அளவு. கிலோமீட்டர்னு எழுதாத கடைக்காரனுக்கு நோட்டீஸ் குடுக்கற ஆபீஸ்ல இருந்துண்டு மைல்ல ஓடறீரா?"

கடை பெயர் ஒரு குற்றம், மைல் இன்னொரு குற்றம். இரண்டாவதுதான் அவரை அதிகம் புண்படுத்தியது என்று தோன்றியது. எழுத்தில் விளக்கம் கேட்டார். இனி அந்தப் பனியனைப் போடமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். என்னிடம் வேறு பனியன் இல்லாததால் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சிவப்புச் சாயம் மட்டமான சாயம். எழுத்து அப்படியே துணியைத் தாண்டி, தலைகீழாக இல்லாவிட்டாலும் இடம் வலமாகத் தெரிந்தது. பூக்காரி இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது இன்னா பாஷை சார்?" என்றாள்.

மேலதிகாரி அதோடு விடவில்லை. மாசியில் அண்ணாச்சி கடைக்கு வருஷாந்தரச் சோதனை வந்தது. "உமக்கு வேண்டிய கடைதானே, நீரே போய்ட்டு வாரும்" என்று கோப்பை என் பக்கம் தள்ளினார். சிரிக்கவில்லை. அவர் பின்னால் வந்து மறுபடி சோதிப்பார் என்பது அவர் சிரிக்காததிலேயே தெரிந்தது.

கடையில் நுழைந்ததும் அண்ணாச்சி கைகூப்பி எழுந்தார். "வாங்க வாங்க, நம்ம ஓட்டக்காரரு! ஏய், ஒரு காபி கொண்டாங்கப்பா. எத்தனை ஆச்சு சார்?"

"தொள்ளாயிரத்து எண்பது ஆச்சு அண்ணாச்சி. இன்னும் இருபது."

"அடேயப்பா! வேனுக்குச் சொல்லிற வேண்டியதான்."

காபியைத் தொடாமல் பெட்டியைத் திறந்தேன். நகை விற்கிற மேசையிலிருந்த எடைக்கற்களை ஒவ்வொன்றாக எங்கள் கல்லோடு வைத்துப் பார்த்தேன். மூன்று கற்கள் குறைவு. அதிகம் இல்லை, இரண்டு அரிசி எடை, மூன்று அரிசி எடை. தங்கத்தில் அது அரிசி இல்லை.

"பழைய கல்லு சார். கையில எடுத்து எடுத்துத் தேஞ்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

இருக்கலாம். அதே வயசுக் கற்கள் இன்னொரு மேசையிலும் இருந்தன. ஜனங்களிடமிருந்து பழைய நகை வாங்குகிற மேசை. அந்த மேசைக் கற்கள் மட்டும் ஒரு துளிகூடத் தேயவில்லை.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசித்தது எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. காபியில் ஆடை படிந்துவிட்டது. கேஸ் எழுதினால் வேன் போகும். எழுதாவிட்டால் என் வேலை போகும். இதில் நேர்மை எந்தப் பக்கம் இருந்தது என்று நான் தேடவில்லை. பயம் எந்தப் பக்கம் அதிகம் என்று மட்டும் பார்த்தேன். கேஸ் எழுதினேன். அண்ணாச்சி முகம் மாறாமல் கையெழுத்துப் போட்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நாலாம் நாள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அண்ணாச்சி கூப்பிடுகிறார். போனேன். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், மூணு அரிசி எடைக்கு நீங்க கேஸ் போட்டீங்க. தப்பில்ல, அது உங்க கடமை. அளவுன்னா அளவுதான். அதே மாதிரி நானும் பாக்கணும்லா? லஸ்லேருந்து பாலம் ரெண்டு மைல்னு யாரு சொன்னா?"

"பஸ் கண்டக்டர்" என்றேன்.

"மொத நாளு உங்க கூடவே கார்ல வந்தேன். என் கார் மீட்டரு ஒண்ணே முக்காலுக்கு மேல காட்டல."

"அப்பவே தெரியுமா? ஏன் சொல்லலை?"

"ஆசையா ஓடுதீங்க. எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்" என்றார், மிகவும் அன்பாக.

நான் கோபமாகப் பாய் கடைக்குப் போனேன். கார் மீட்டர் பொய் என்று நிரூபித்துவிடுவது என்று முடிவு. பாய் ஒரு சைக்கிளை எடுத்து, முன்சக்கரத்துக் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். என் பெட்டியிலிருந்த, முத்திரை குத்திய மீட்டர் கோலை வைத்துச் சக்கரத்தின் சுற்றளவை எடுத்தோம். அவர் தள்ளிக்கொண்டு வர, துணி கீழே வரும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டே லஸ் வரை நடந்தேன். வழியில் பூக்காரி ஏதோ கேட்டாள், எண்ணிக்கை தவறிவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. லஸ்ஸில் நின்று கணக்குப் போட்டோம். ஒன்றே முக்கால் மைல். கார் மீட்டர் யோக்கியமானது. கண்டக்டர்தான் தாராளமானவர்.

"இன்னொண்ணு கீது சார்" என்றார் பாய், தலையைச் சொறிந்தபடி. "கோச்சுக்காத. காலண்டர்ல ஏழு நாளு வட்டம் போட்டு வச்சிக்கிறேன். மழை நாளு. வரும்போது ஓடியாந்தே, போம்போது என் கடை எதிர்லயே பஸ் ஏறிப் போயிட்டே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அந்த ஏழு நாளும் என் நோட்டில் நாலு நாலு மைலாக இருந்தன. நான் மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. எல்லாவற்றையும் கழித்தபோது ஏறக்குறைய நூற்று முப்பது மைல் காணாமல் போயிற்று. இருபது பாக்கி என்று நினைத்திருந்தவனுக்கு நூற்றைம்பது பாக்கி. வருஷம் முடிய முப்பத்தாறு நாள் இருந்தது. மூன்று அரிசி எடைக்குக் கேஸ் போட்டவன் நூற்று முப்பது மைல் குறைத்து அளந்திருக்கிறான். சங்கத்தில் அண்ணாச்சி இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான்.

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இத்தோடு விட்டுவிடப் போகிறேன் என்றேன். மனைவி கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் முழங்காலில் தேய்த்தாள்.

"பஸ்ல வந்த ஏழு நாளையாவது ஓடிட்டு விடுங்கோ. அது மட்டும் நன்னா இல்லை" என்றாள்.

தினம் நாலு மைலுக்கு மேல் ஓடினால்தான் கணக்கு முடியும். அதனால் பாலத்தையும் தாண்டி, விடுதி வாசல் வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். பாய் தன் சைக்கிளைத் தள்ளி அதையும் அளந்தார். போகவர நாலரை. முப்பத்தாறு நாளில் இரண்டு நாள் மட்டும் ஓய்வு எடுக்கலாம்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு மாதம் அந்தக் குழந்தைகளுக்காக ஓடியவன் அதுவரை விடுதியைப் பார்த்ததில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் எங்கேயோ இருக்கிறது என்பதோடு சரி. முதல் நாள் வேர்க்க விறுவிறுக்க அந்த வாசலில் போய் நின்று நோட்டை நீட்டினேன். வார்டன் அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் குழந்தை காலில் மாட்டுகிற இரும்புக் கம்பி ஒன்று. அதன் தோல் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க?"

"நான்தான் ஓடறவன். ஆயிரம் மைல். வேனுக்காக."

"எந்த வேன்?"

அவருக்கு யாருமே சொல்லவில்லை. ஒரு வருஷம் முழுவதும் தங்கள் பெயரில் ஒருவன் ஓடிக்கொண்டிருப்பது அந்த விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. நான் படியில் உட்கார்ந்து கதையைச் சொல்லி முடித்தேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"வேன் வந்தா டிரைவர் யாரு சார் போடுவாங்க? பெட்ரோல் யாரு ஊத்துவாங்க?" என்றார். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். "இந்தப் படி ஆறு இருக்கு பாருங்க. ஒவ்வொரு பிள்ளையையும் நானும் ஆயாவும் தூக்கித்தான் இறக்கணும். படிக்குப் பக்கத்துல ஒரு சரிவு கட்டிக் குடுங்கன்னு மூணு வருஷமா எல்லாருக்கும் எழுதிட்டிருக்கேன். உங்க சங்கத்துக்கும் எழுதினேன்."

"என்ன பதில் வந்தது?"

"வாழ்த்து மடல் வந்தது. பொங்கலுக்கு."

நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ஓடுங்க. ஓட ஆரம்பிச்சுட்டீங்க, இனி நிறுத்தினா அதுக்கும் எங்களைத்தான் சொல்லுவாங்க" என்றார்.

அந்த முப்பத்து நாலு நாளும் நான் யாருக்கும் வேண்டாத வேனுக்காக ஓடினேன். முழங்கால் வீங்கிற்று. ஒரு நாள் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பாய் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "ஏறிக்கினு வரியா?" என்றார். நான் பின்னால் இருந்த கேரியரைப் பார்த்தேன். "ஏறினா காலண்டர்ல வட்டம்தான் சார்" என்றும் அவரே சொன்னார். எழுந்து ஓடினேன்.

பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது, மறுநாள் ஆயிரம் முடிகிறது என்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் விடுதியை நெருங்கியபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். வாசலுக்கு நூறு கெஜம் முன்னால் இரண்டு கார்கள் நின்றிருந்தன. நான் பக்கத்தில் வந்ததும் கதவுகள் திறந்து, இஸ்திரி போட்ட பனியன்களில் அந்தப் பத்துப் பேரும் இறங்கினார்கள். ஆழ்வார்பேட்டை வக்கீலும் இருந்தார். கட்சிக்காரர்கள் பார்த்தால் போகக்கூடிய மரியாதை, போட்டோக்காரர் பார்த்தால் போகாது போலிருக்கிறது. நூறு கெஜத்தையும் அவர்கள் பிரமாதமாக ஓடினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் படம் வந்தது. பத்துப் பேர், நடுவில் அண்ணாச்சி, வலது ஓரத்தில் ஒரு முழங்கை. முழங்கை நான்தான் என்று என் மனைவி கண்டுபிடித்தாள்.

வேன் வந்திருந்தது. முன்பு ரொட்டி ஏற்றிப் போன வேன். பின்கதவைத் திறந்தால் பன் வாசனை அடித்தது. பனியனில் இருந்த அதே சிவப்பில், அதே பெயர், இப்போது ஆள் உயரத்துக்கு. விடுதியின் பெயர் நம்பர் பலகைக்கு மேலே, குனிந்து பார்க்கிறவர்களுக்கு. சாவியை வாங்கிக்கொண்ட வார்டன் அம்மா மைக்கில் இரண்டே வாக்கியம் பேசினார். "வேனுக்கு நன்றி. இதுல ஏற பிள்ளைங்க இறங்கி வர்றதுக்கு ஒரு சரிவும், ஓட்டறதுக்கு ஒரு டிரைவரும் அய்யா தரணும்."

கூட்டம் கைதட்டியது. கைதட்டலுக்கு முன்னால் அண்ணாச்சியால் மறுக்கமுடியாது. டிரைவரைச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் அனுப்புவதாக அங்கேயே அறிவித்தார். மற்ற நாட்களில் வேன் கடையில் நிற்கும் என்பதை மைக்கில்லாமல் சொன்னார். அந்த நாட்களில் அது கல்யாண வீட்டாரைக் கடைக்கு ஏற்றி வந்ததை தி.நகரே பார்த்தது. அதற்காக வேனைக் குறை சொல்லமாட்டேன். முன்பு ஒன்பது குழந்தைகளும் இரண்டு ரிக்‌ஷாவில் மாறி மாறிப் போய்ப் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். இப்போது ஒரே தடவையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். வேண்டாத வேன் என்று அதற்குப்பிறகு நானும் சொல்லவில்லை.

சரிவைப் பற்றி நான் கடைக்கே போய் ஞாபகப்படுத்தினேன். அண்ணாச்சி என்னை உட்காரவைத்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"கட்டலாம் சார். செலவா பெருசு? ஆனா சரிவுல பேரை எங்க எழுத? தரையில எழுதினா மிதிச்சுட்டுலா போவாங்க."

நேராகப் பாய் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, "என் மச்சான் கொத்தனார்தான் சார். ஞாயித்துக்கெழமை சும்மாத்தான் கெடக்கிறான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். ஓட்டம் முடிந்த என் வீங்கிய காலை வைத்துக்கொண்டு நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். பாய் கலவை போட்டார். எவ்வளவு சரிவு இருந்தால் சக்கர நாற்காலி வழுக்காது என்று நான் துறை அறிவைக் காட்டப் போக, "நீ அளக்கிறது இன்னான்னுதான் ஊருக்கே தெரியுமே, கம்முனு கல்லை எடு சார்" என்றார் பாய். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. வார்டன் அம்மா பத்து நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினார்.

பதினோராம் நாள் நாங்கள் மூவரும் கீழே நின்றோம். முதலில் இறங்க வந்தது பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வார்டன் அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். தானே போவேன் என்றாள். மெதுவாகப் பிடித்துக்கொண்டு இறங்கு என்று நான் கீழேயிருந்து கை காட்டினேன். அவள் இரண்டு சக்கரத்தையும் ஒரு தள்ளுத் தள்ளிக் கையை எடுத்துவிட்டாள். மூன்று வருஷமாக எழுதிக் கேட்ட சரிவில் அந்த நாற்காலி அப்படி ஒரு வேகத்தில் இறங்கும் என்று மச்சான்கூட நினைக்கவில்லை. நேரே வந்து என் நல்ல முழங்காலில் மோதியது. நான் மண்ணில் உட்கார்ந்தேன். நாற்காலி கவிழவில்லை.

"வழில ஏன் மாமா நிக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பிறகு வார்டன் அம்மா பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை மேலே தள்ளுங்கம்மா" என்றாள்.

பாய் என்னைத் தூக்கிவிட்டு ஓரமாக நிறுத்தினார்.